எட்டு மணிப் பூசையின் ஒரு நிமிடம்

ஜூலை 6, திங்கள்

தம்பிக்கு,

நேற்றைய தொலைக்காட்சிப் பூசையில், மறையுரையின் நடுவே நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்குத் தெரிந்த ஒரு முதிய சகோதரி, இடுப்பெலும்பு முறிந்து, நான்கு சுவர்களுக்குள் தனியாக, இந்தத் திருப்பலியைக் கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்."

இடுப்பெலும்பு சரி. நான்கு சுவர்களும் சரி. எல்லார் வீட்டிலும் அத்தனைதான். கண்ணீர் எங்கிருந்து வந்தது?

நான் கடைசியாக அழுதது, என் ஆய்வேட்டை மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பியபோது. அதுவும் ஆத்திரத்தில். நாற்பது ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவளை, ஒரு மறையுரைக்கு ஈரம் போதவில்லை என்பதற்காக நீ அழவைத்திருக்கிறாய். பூசை முடிந்ததும் நீ போன் செய்தபோது நான் பாதியில் வைத்ததற்குக் காரணம் இதுதான். இனி எதுவானாலும் எழுது. போனில் நீ குறுக்கே பேசுகிறாய். தபாலில் அது முடியாது.

அழாத கண்ணால் நான் பார்த்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பீடத்தின் இடப்பக்க மெழுகுவத்தி மூன்று வாரங்களாக வளர்ந்துகொண்டு வருகிறது. ஜூன் 21 அன்று நான்கு விரல். அடுத்த வாரம் அரைச் சாண். நேற்று முழுச் சாண். இயற்கையில் இதற்கு முன்னுதாரணம் இல்லை. மூன்று ஞாயிறுகளின் பூசைகளையும் ஒரே நாளில், அதுவும் பின்னிருந்து முன்னாகப் பதிவு செய்கிறீர்கள் என்பது என் முடிவு. மறுக்க முடிந்தால் மறு.

அதைக்கூட மன்னிப்பேன். மன்னிக்க முடியாதது இன்னொன்று. நற்கருணை அப்பம் கொடுத்து முடித்ததும் நீ நாற்காலியில் உட்காருகிறாய், தலை குனிகிறாய், நான் கண்ணை மூடுகிறேன். மூடிய கண்ணைத் திறப்பதற்குள் "மன்றாடுவோமாக" என்கிறாய். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். நான்கு நொடி. உட்காரும்போது உன் அங்கியின் மடிப்பு ஒரு விதமாகவும் எழும்போது வேறு விதமாகவும் இருக்கிறது. ஆகவே நீ அவசரப்படவில்லை. எவரோ கத்தரிக்கோல் வைத்திருக்கிறார்.

இதை ஏன் பெரிதாக்குகிறேன் என்று கேட்பாய். பூசை முழுவதும் பிறர் செய்வதை நான் பார்க்கிறேன். பிறர் பாடுகிறார்கள், பிறர் மண்டியிடுகிறார்கள், பிறர் நற்கருணை வாங்குகிறார்கள். கோயிலில் இருப்பவனுக்கும் கட்டிலில் இருப்பவளுக்கும் ஒரே அளவில் கிடைக்கக்கூடியது அந்த மௌனம் மட்டுமே. அதை வெட்டி எறிந்துவிட்டு என்னைக் குறித்து உருகுகிறாய். உருக வேண்டாம். ஒரு நிமிடம் கொடு. முழு அறுபது நொடி. அதுவரை உன் கடிதங்களுக்குப் பதில் வரும்; பாராட்டு வராது.

இங்கே அந்த நிமிடத்தை நிம்மதியாக அனுபவிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர், ஞாயிறு எட்டு மணிக்கென்றே காத்திருந்து தம் பெட்டியை அலறவிடுகிறார். ஏதோ பந்தாட்டமாக இருக்க வேண்டும். ஒருவர் தனியே பேசுவதும் கூட்டமாகப் பலர் முழங்குவதுமாக இருக்கிறது. நான் என் பெட்டியைக் கூட்டுகிறேன். அவர் அவருடையதைக் கூட்டுகிறார். இரண்டு ஆண்டுகளாக நடக்கும் போர். இதுவரை நான் தோற்கவில்லை.

இப்படிக்கு,
அக்கா


ஜூலை 14, செவ்வாய்

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது. மூன்றாம் தடவை எங்கள் நிகழ்ச்சியின் எடிட்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

கண்ணீர் என் சேர்க்கைதான். மன்னித்துக்கொள்.

மெழுகுவத்தி விஷயம் உண்மை. மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை நிலையத்தில் எங்களுக்கு ஸ்டுடியோ கிடைக்கும். மூன்று பூசையையும் அன்றைக்கே முடித்தாக வேண்டும். தொண்டை புதிதாக இருக்கும்போதே கடினமான பாட்டைப் பாடிவிட வேண்டும் என்பது பாடற்குழுத் தலைவியின் சட்டம். கடினமான பாட்டு எப்போதும் மூன்றாவது வாரத்தில்தான் வந்து தொலைக்கிறது. பதினாலு வருஷத்தில் இதைக் கண்டுபிடித்தது நீ ஒருத்திதான். எடிட்டர் வாயைப் பிளந்துவிட்டார். "ஃபாதர், உங்க அக்கா போலீஸா?" என்றார். "அதைவிட மோசம், புரொஃபசர்" என்றேன்.

ஆனால் மௌனம் வெட்டப்படுவது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நான் என் பூசையை ஒரு தடவைகூடத் திரையில் பார்த்ததில்லை. பார்த்தால் என் முகத்தைத்தான் பார்ப்பேன் என்று எனக்கு என்மேலேயே சந்தேகம். நான் அங்கே ஒரு நிமிடம் உட்காருகிறேன், அக்கா. உண்மையாகவே உட்காருகிறேன். எடிட்டரைக் கேட்டேன். "ஏன்யா அதை வெட்டுனே?" அவர் பாவம், விழித்தார். "ஃபாதர், அங்க ஒண்ணுமே நடக்கலையே!"

இனி வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். 19ஆம் தேதி வரைக்கும் வெட்டி முடித்துவிட்டாராம். 26ஆம் தேதி பூசையில் உன் அறுபது நொடி வரும்.

இப்போது என் முறை. போன மாதம் உனக்கு போன் செய்தேன். உன் வீட்டில் வேலை செய்யும் பெண் எடுத்தாள். "யாருங்க பேசுறது?" என்றாள். "அம்மாவோட தம்பி" என்றேன். "அம்மாவுக்குத் தம்பி இருக்காங்களா?" என்றாள்.

பதினாலு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் உன் வீட்டுக்குள் வருகிறேன். அந்தக் கட்டிடத்தில் ஒருவருக்காவது நான் உன் தம்பி என்று தெரியுமா?

இன்னொன்று. உங்கள் பங்குக் கோயிலிலிருந்து வீட்டுக்கே நற்கருணை கொண்டுவந்தவரை நீ வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஏன்?

அன்புடன்,
தம்பி


ஜூலை 20, திங்கள்

தம்பிக்கு,

கேட்ட வரிசையில் பதில்.

தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால், உன் உச்சரிப்புக்கும் மறையுரையின் நீளத்துக்கும் படிக்கட்டில் நின்று நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். "டிவி சாமியாரின் அக்கா" என்று பெயர் வாங்குவதற்காக நான் இத்தனை படிப்புப் படிக்கவில்லை.

நற்கருணை கொண்டுவந்தவர், கட்டிலருகே குனிந்து, "பாட்டிம்மா, எங்க, ஆ காட்டுங்க பாப்போம்" என்றார். எனக்கு எழுபத்தொன்பது வயது. அவர் ஏழு என்று நினைத்துக்கொண்டார். ஆண்டவரை எனக்குப் பிடிக்கும். ஆண்டவரைக் கஞ்சி ஊட்டுவது போல ஊட்டுகிறவரைப் பிடிக்காது.

கோயில் நான்கு தெரு தள்ளித்தானே, சக்கர நாற்காலி இருக்கிறதே என்று அடுத்த கடிதத்தில் எழுதுவாய். இருக்கிறது. மடித்த மேனிக்கு அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் என்னிடம் படித்தவர்கள் முப்பது பேராவது குடியிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் மூட்டை போலத் தள்ளிக்கொண்டு போக எனக்குச் சம்மதமில்லை. வீம்பு என்று சொல்லிக்கொள். அது நம் வீட்டுச் சொத்து. பாதி உன்னிடம் இருக்கிறது.

26ஆம் தேதிக்குக் கடிகாரத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

அக்கா


ஜூலை 26, ஞாயிறு

தம்பிக்கு,

இது எட்டு நாற்பத்தைந்துக்கு எழுதப்படுகிறது. உன் பூசை எட்டு முப்பத்திரண்டுக்கே செத்துவிட்டது.

நீ உட்கார்ந்தாய். நான் கண்ணை மூடினேன். பத்து. பதினைந்து. இரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக நான் வேடிக்கை பார்ப்பதை நிறுத்தியிருந்தேன். இருபதாவது நொடியில் சங்கீதம் கேட்டது. கண்ணைத் திறந்தால் திரையில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்". அடுத்து ஒரு பெண்மணி சலவைத்தூளைப் புகழ்ந்து ஆடினாள். திரும்பி வரும்போது நீ இறுதி ஆசீரில் இருந்தாய்.

நான்கு நொடியே மேல். அதில் சலவைத்தூள் இல்லை.

அக்கா


ஜூலை 31, வெள்ளி

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குப் போதுமான அளவு கிடைத்துவிட்டது.

நடந்தது இது. எடிட்டர் வெட்டவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனால் ஒளிபரப்பு அறையில் ஓர் இயந்திரம் இருக்கிறது. இருபது நொடி தொடர்ந்து சத்தமே வராவிட்டால் ஏதோ பழுது என்று அதுவாகவே முடிவு செய்து, எங்களைத் துண்டித்துவிட்டு விளம்பரத்துக்குத் தாவிவிடும். ஆளைக் கேட்காது. இப்படி ஒன்று இருப்பதே எங்களில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இந்த நிலையத்தின் வரலாற்றில் இருபது நொடி யாரும் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை.

திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு காகிதம். "ஃபாதர், நேத்து நாப்பத்தோரு போன். எல்லாம் ஒரே கேள்வி. 'சாமியார் நாற்காலியிலயே போய்ச் சேந்துட்டாரா?' நான் என்னன்னு பதில் சொல்றது?" என்றார். உயிரோடு இருப்பதாகச் சொல்லலாமே என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா நிகழ்ச்சியக் காலைல அஞ்சு மணிக்குத் தள்ளிடுவேன். என்னால வேற ஒண்ணும் செய்ய முடியாது."

ஐந்து மணி என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பூசையைப் பார்ப்பவர்களில் பாதிப் பேரை எழுப்பி, முகம் துடைத்து, தலையணை வைத்து உட்காரவைக்க ஓர் ஆள் வர வேண்டும். ஐந்து மணிக்கு யார் வருவார்கள்? பதினாலு வருஷம் கட்டியது ஒரே வாரத்தில் போய்விடும்.

அதனால் விட்டுவிடுகிறேன், அக்கா. நான்கு நொடியோடு இருந்துவிட்டுப் போகட்டும். உனக்காக முயற்சி செய்தேன்.

தம்பி


ஆகஸ்ட் 5, புதன்

தம்பிக்கு,

"விட்டுவிடுகிறேன்" என்ற வரி இருந்த தாளைக் கிழித்துவிட்டேன். மீதிக் கடிதம் பத்திரமாக இருக்கிறது.

எனக்காக முயற்சி செய்ததாக எழுதுகிறாய். எனக்காக என்றால் வேண்டாம். நாற்பத்தொரு பேர் போன் செய்தார்கள் என்றாயே, அதைச் சரியாகப் படித்தாயா? அந்த இருபது நொடியும் நாற்பத்தொரு பேர் உன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உன் மறையுரைக்கு என்றைக்காவது அப்படி நடந்ததா?

இயந்திரத்தின்மேல் கோபப்படாதே, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அதற்கு மௌனம் என்றால் என்னவென்று தெரியாது. ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மணி அடிக்கத் தெரியும், அவ்வளவுதான். தவறு உங்கள் ஸ்டுடியோவில் இருக்கிறது. சுவரெல்லாம் பஞ்சு, கதவு இரட்டை, அழைத்து வந்திருப்பது பாடற்குழுவில் பன்னிரண்டு பேர், அவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த அறையில் நீ பேசுவதை நிறுத்தினால் மிஞ்சுவது மௌனம் அல்ல, வெற்றிடம்.

கோயிலில் யாரும் பேசாத நேரத்தைக் கவனித்திருக்கிறாயா? மின்விசிறி சுற்றும். பெஞ்சு முனகும். யாரோ முழங்காலை மாற்றுவார்கள். ஒருவர் செருமுவார், உடனே, அனுமதி கிடைத்தது போல மூன்று பேர் செருமுவார்கள். அத்தனையும் ஒலி. அத்தனையும் சேர்ந்துதான் மௌனம். அந்த இயந்திரம் அதைக் கேட்டால் வாயைத் திறக்காது.

ஆகவே, பஞ்சுப் பெட்டியை விட்டு வெளியே போ. ஆட்கள் மூச்சுவிடும் இடத்தில் பூசை வை. நடிக்கத் தெரியாதவர்களைக் கூட்டு. நன்றாக இருமுகிறவர்களாகப் பார்த்துக் கூட்டு. ஒலிவாங்கியை உன் கழுத்திலிருந்து கழற்றி அவர்கள் தலைக்குமேல் தொங்கவிடு. மீதியைக் கணக்கிட உன் நிலையத்தில் ஓர் ஒலிப்பதிவாளர் இருப்பார். இந்தக் கடிதத்தை அவரிடம் கொடு. உனக்குப் புரியாவிட்டாலும் அவருக்குப் புரியும்.

அக்கா


ஆகஸ்ட் 17, திங்கள்

அன்புள்ள அக்கா,

ஒலிப்பதிவாளருக்குப் புரிந்தது. அவர் கோயில் பக்கமே வராத மனிதர். உன் கடிதத்தை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஃபாதர், இவங்க யாரு? இவங்களை நான் பாக்கணும்" என்கிறார். வரிசையில் நில் என்றேன்.

நான் வாரநாட்களில் பூசை வைக்கும் முதியோர் இல்லம் உனக்குத் தெரியும். அதன் சிற்றாலயத்துக்குப் போன வாரம் அவரை அழைத்துப் போனேன். அறுபத்துமூன்று பேர் வந்தார்கள். நடைச்சட்டங்கள், ஊன்றுகோல்கள், ஆக்ஸிஜன் உருளையோடு ஒருவர். நன்றாக இருமுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. நற்கருணைக்குப் பிறகு நான் உட்கார்ந்தேன். ஒலிப்பதிவாளர் கடைசி பெஞ்சில் தன் கருவியின் ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம் முடிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு நிமிடம் ஆயிற்று. வெளியே வந்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஸ்டுடியோவுல இருந்தது வெறும் ஓட்டை, ஃபாதர். இதுதான் அமைதி. ஊசி ஒரு தடவைகூடக் கோட்டுக்குக் கீழ போகல."

அவரே மேலாளரிடம் போய்ப் பேசினார். மேலாளர் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். 23ஆம் தேதி, ஞாயிறு, எட்டு மணி, அந்தச் சிற்றாலயத்திலிருந்து நேரடி ஒளிபரப்பு. பதிவு இல்லை, கத்தரிக்கோல் இல்லை. இயந்திரம் அதே இயந்திரம்தான். அதை அணைக்க மாட்டாராம். ஊசி விழுந்தால் ஐந்து மணி. அதில் மாற்றமில்லை.

இல்லத்துவாசிகளுக்கு விஷயத்தைச் சொன்னேன். ஒரு பெரியவர் கேட்டார், "அப்போ நாங்க இருமலாமா, கூடாதா?" இருமலாம் என்றேன். "இத்தனை வருஷத்துல இப்பதான் ஒரு சாமியார் உருப்படியா ஒண்ணு சொல்றாரு" என்றார்.

பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூட நேரடியாகச் செய்ததில்லை. நீ பார்த்துக்கொண்டிருப்பாய் என்பது தைரியமா, பயமா என்று தெரியவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 24, திங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அறுபத்தைந்து நொடி. ஐந்து நொடி கூடுதலாகக் கொடுத்தாய். கேட்டதைவிட அதிகம் கொடுப்பது உன் மறையுரைகளில் குறை, இங்கே குறையில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நீ அங்கே இருந்ததால் உனக்குப் பாதிதான் தெரியும்.

நீ உட்கார்ந்தாய். நான் கண்ணை மூடவில்லை; சலவைத்தூள்காரி வந்துவிடுவாளோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது கடந்தது. ஒரு நடைச்சட்டம் நகர்ந்தது. முப்பது. அப்போதுதான் கண்ணை மூடினேன். மூடியதும் ஒன்று உறைத்தது: பக்கத்து வீட்டுப் பந்தாட்டமும் நின்றுவிட்டிருந்தது.

உங்கள் சிற்றாலயத்தில் ஒருவர் இருமினார். வறட்டு இருமல், முடிவில் ஒரு சீழ்க்கை. ஒன்றரை நொடி கழித்து, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே வறட்டு இருமல். முடிவில் அதே சீழ்க்கை.

நீ எழுந்து "மன்றாடுவோமாக" என்றாய். ஒன்றரை நொடி கழித்து, சுவரும் உன் குரலில் "மன்றாடுவோமாக" என்றது. நீ மன்றாட்டை முடித்தபோது, யாருடைய பெட்டியிலிருந்தும் வராத ஒரு கரகரத்த குரல், சுவரை ஒட்டினாற்போல, "ஆமென்" என்றது.

அவருக்குக் கேபிள் இணைப்பு. எனக்கு மாடியில் டிஷ் வட்டத் தட்டு. இரண்டுக்கும் இடையில் ஒன்றரை நொடித் தாமதம். ஒருவர் தனியே பேசுவதும் பலர் முழங்குவதும் என்று உனக்கு நானே எழுதியிருந்தேன், பார். அது நீயும் உன் பாடற்குழுவும். இரண்டு ஆண்டுகளாக நான் உன் பூசையை வைத்தே உன் பூசையை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். எதிரொலியைப் பற்றி நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவள். இதை என் பழைய மாணவர்கள் யாரிடமும் சொல்லாதே.

வேலைக்கு வரும் பெண்ணை அனுப்பி, அவர் என்ன பார்க்கிறார் என்று கேட்டு வரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே திரும்பினாள். "பூசைதாம்மா பாக்குறாராம். நீங்கதான் ரெண்டு வருஷமா சண்டைப் படம் போட்டு அவரைப் பாக்கவிடலையாம்." அவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டு; இடக்கால் எழாது. அவரும் நற்கருணைக்காரரைத் திருப்பி அனுப்பியவர். அவரிடம் "தாத்தா, ஆ காட்டுங்க."

அலமாரிக்குப் பின்னால் இருந்ததை எடுத்துத் துடைக்கச் சொன்னேன். என் வாசலிலிருந்து அவர் வாசலுக்குப் பதினோரு அடி. இரண்டு ஆண்டுகளில் என் முதல் பயணம். ஒரு மாணவனும் எதிர்ப்படவில்லை.

சாய்வு நாற்காலியில், பொத்தான் கழுத்துவரை போட்ட சட்டையோடு இருந்தார். பூசைக்காக உடுத்தியது. "சாமியார் இன்னிக்குப் பிரமாதமாப் பண்ணிட்டாருங்க" என்றார். "அந்த அமைதி இருக்கே! நானும் கோயில்ல உக்காந்திருந்த மாதிரி இருந்துது. பிரசங்கம்தான் எப்பவும் கொஞ்சம் இழுத்துடுறாரு."

"இழுக்கல" என்றேன். "சொல்ல வேண்டியது இருக்கு, சொல்றான்."

போலீஸ்காரர் அல்லவா, அந்த "சொல்றான்" அவருக்குத் தப்பவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏங்க, உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"அவன் என் தம்பி."

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தி, விசாரணையில் கேட்பது போலக் கேட்டார்: "அப்போ, இடுப்பெலும்பு முறிஞ்சு, கண்ணீர் விட்டுக்கிட்டே பாக்குற அந்த முதிய சகோதரி..."

"எலும்பு என்னுது. கண்ணீர் அவன் சேத்தது" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் வேலைக்காரப் பெண் என் வீட்டுச் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். இன்று காலைக்குள் இருபத்துநான்கு குடித்தனங்களுக்கும் செய்தி போய்விட்டது. பால் கொண்டுவருபவர், "டிவி சாமியாரோட அக்காவா நீங்க?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். அவர் போன பிறகு, கேட்காத ஒருவரிடமும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு இரண்டு பெட்டிகள் தேவையில்லை என்று முடிவாகியிருக்கிறது. அவருடையது பெரிய திரை. ஆனால் என்னுடையது ஒன்றரை நொடி முந்தியது. உன் பூசையைத் தாமதமாகப் பார்க்க எனக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டேன். பேச்சுவார்த்தை நடக்கிறது.

நிலையத்தில் மேலாளர் என்ன சொன்னார் என்று எழுது. ஊசி விழவில்லை, ஆகவே எட்டு மணி எட்டு மணியாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒலிப்பதிவாளருக்கு என் மரியாதையைச் சொல். அந்தச் சீழ்க்கை இருமல்காரருக்கு மருந்து வாங்கிக் கொடு, ஆனால் முழுவதும் குணப்படுத்திவிடாதே.

அதுவரை பாராட்டு வராது என்று எழுதியிருந்தேன். இதோ: நன்றாகச் செய்தாய்.

நேற்று இடப்பக்க மெழுகுவத்தி ஒரு சாண். வரும் ஞாயிறு குறைந்திருக்க வேண்டும். கவனித்துக்கொண்டிருப்போம், இரண்டு பேராக.

அன்புடன்,
உன் அக்கா